போரா, வாடகையா? ஜார்ஜ் மெலியெஸ் ஏன் வீழ்ந்தார் என்பதற்கான வணிக விளக்கம்

2011-இல் மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கத்தில் வெளிவந்த ‘ஹியூகோ’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு ஜார்ஜ் மெலியெஸ் என்றதும் பாரிஸின் மோன்பார்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மை விற்றுக்கொண்டிருந்த சிடுசிடுப்பான முதியவர்தான் நினைவுக்கு வருவார். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்தவர் ஏன் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தார் என்பதற்கு அந்தப் படம் ஒரு விடை தருகிறது. உலகப் போர் வந்தது, போரின் கோரத்தைக் கண்டு திரும்பியவர்களுக்கு மாயாஜாலப் படங்கள் சலித்துப்போயின என்பதே அது. மனத்தைத் தொடும் விடைதான், ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் நிற்காது. முதல் உலகப் போர் தொடங்கியது 1914 ஜூலை இறுதியில். மெலியெஸ் தம் கடைசிப் படத்தை எடுத்து முடித்தது 1913-இல். அவருடைய வீடும் படப்பிடிப்புக் கூடமும் கடனுக்கு ஈடாக எழுதப்பட்டது 1911-இல். போர் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

அப்படியானால் உண்மையில் நடந்தது என்ன? திரைப்படச் சுருளை விலைக்கு விற்கும் தொழில், அதை வாடகைக்கு விடும் தொழிலாக மாறியது. அந்த மாற்றத்தில் தாக்குப்பிடிக்கக்கூடிய அமைப்பு மெலியெஸிடம் இல்லை.

1. மந்திரவாதி இயக்குநரான வழி

மெலியெஸ் 1861 டிசம்பர் 8 அன்று பாரிஸில் பிறந்தார். தந்தை காலணித் தொழிற்சாலை நடத்திய செல்வந்தர். 1884-இல் தொழில் நிமித்தமாக லண்டனுக்கு அனுப்பப்பட்ட இளைஞருக்கு அங்குள்ள எகிப்தியன் ஹால் அரங்கில் நடந்த மாயாஜாலக் காட்சிகளின்மேல் தீராத ஈர்ப்பு ஏற்பட்டது. 1888-இல் தந்தை தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபோது தம் பங்கைச் சகோதரர்களுக்கு விற்று, அந்தப் பணத்தில் இத்தாலியப் பெருவீதியில் இருந்த ரொபேர் ஊதேன் அரங்கத்தை வாங்கினார். அது சிறிய அரங்கம்தான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய பிரெஞ்சு மந்திரவாதியின் பெயரைத் தாங்கியது, அவர் செய்த தானியங்கிப் பொம்மைகளும் அங்கே இருந்தன.

1895 டிசம்பர் 28 அன்று சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் திரையிடல் பாரிஸில் நடந்தபோது மெலியெஸும் அங்கே இருந்தார். கருவியை விலைக்குக் கேட்டார், லூமியேர் குடும்பம் மறுத்தது. தாம் 10,000 பிராங்க் தர முன்வந்ததாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பிறகு லண்டனில் ராபர்ட் பால் என்பவரிடம் ஒரு படங்காட்டும் கருவியை வாங்கி, அதன் பொறியமைப்பை ஆராய்ந்து, அதே அடிப்படையில் தமக்கென ஒரு கேமராவை உருவாக்கிக்கொண்டார். 1896-இல் படமெடுக்கத் தொடங்கியவர், மறு ஆண்டே பாரிஸுக்கு அருகே மோந்த்ரெய் என்னும் ஊரில் இருந்த குடும்பச் சொத்தில் கண்ணாடிக் கூரையும் கண்ணாடிச் சுவர்களும் கொண்ட படப்பிடிப்புக் கூடத்தைக் கட்டினார். அவருடைய நிறுவனத்தின் பெயர் ஸ்டார் ஃபிலிம். 1913 வரை அங்கிருந்து 500-க்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. முன்னூறுக்கும் மேற்பட்டவை இன்று இல்லை.

இந்த நிறுவனத்தில் கதை, அரங்க வரைபடம், உடை, தந்திரம், இயக்கம் ஆகிய அனைத்தும் ஒரே மனிதரின் வேலை. பெரும்பாலும் முதன்மை நடிகரும் அவரே. அவருடைய படங்களின் தனித்தன்மைக்கும் பின்னாளில் வந்த சிக்கலுக்கும் இதுவே காரணம்.

2. தந்திரங்கள் எப்படி வேலை செய்தன

செலவுக் கணக்கைப் புரிந்துகொள்ள, ஒரு படத்துக்குள் எவ்வளவு உழைப்பு சென்றது என்பதைப் பார்க்க வேண்டும். மெலியெஸ் அதிகம் பயன்படுத்திய உத்திகள் இவை:

(அ) நிறுத்தி மாற்றுதல். கேமராவை நிறுத்தி, காட்சியில் ஒரு பொருளையோ ஆளையோ மாற்றிவிட்டு, மீண்டும் ஓட்டுவது. திரையில் ஒருவர் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைவார், அல்லது வேறொருவராக மாறுவார். பாரிஸின் ஓப்பெரா சதுக்கத்தைப் படமெடுத்தபோது கருவி சிக்கி நின்று, சரிசெய்து மீண்டும் ஓட்டியதில் ஒரு பயணிகள் வண்டி சவ வண்டியாக மாறித் தெரிந்ததாகவும், அதிலிருந்தே இந்த உத்தி பிறந்ததாகவும் அவரே எழுதினார். இதைச் சற்று எச்சரிக்கையோடு ஏற்பது நல்லது, கதை சொல்வதில் அவர் வல்லவர். மேலும், கேமராவை நிறுத்துவதோடு வேலை முடிவதில்லை. எஞ்சியுள்ள சுருள்களை ஆராய்ந்தவர்கள், மாற்றம் நிகழும் இடத்தில் அவர் நெகட்டிவை வெட்டி, தேவையற்ற சட்டகங்களை (ஃபிரேம்களை) நீக்கி, இரு துண்டுகளையும் துல்லியமாக ஒட்டியிருப்பதைக் காட்டியுள்ளனர். ‘படத்தொகுப்பு அறியாதவர்’ என்று பல நூல்கள் குறைகூறும் மனிதர், நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நேர்த்தியாகத் தொகுத்தவர்.

(ஆ) ஒரே சுருளில் பலமுறை படம்பிடித்தல். பின்னணியைக் கறுப்பாக வைத்துக்கொண்டு, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அதே பகுதியில் மறுபடியும் படம்பிடிப்பது. 1900-இல் வந்த ‘ஒருவரே இசைக்குழு’ என்ற படத்தில் ஏழு மெலியெஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஏழு கருவிகளை வாசிக்கிறார்கள். ஏழாவது முறை படம்பிடிக்கும்போது பிழை நேர்ந்தால் முந்தைய ஆறும் வீண்.

(இ) அளவு மாற்றம். ‘ரப்பர் தலை மனிதன்’ படத்தில் மேசைமேல் இருக்கும் தலை ஊதிப் பெரிதாகிறது. கேமரா நகரவில்லை. தம் தலை மட்டும் தெரியும்படி கறுப்புத் துணியால் உடலை மறைத்துக்கொண்ட மெலியெஸ், சாய்தளத்தின்மேல் ஓடும் வண்டியில் அமர்ந்து கேமராவை நோக்கி நகர்ந்தார்.

(ஈ) கையால் வண்ணம் தீட்டுதல். பாரிஸில் எலிசபெத் துய்லியே நடத்திய பட்டறையில் 200-க்கும் மேற்பட்ட பெண்கள், ஆளுக்கொரு வண்ணம் என்ற முறையில், ஒவ்வொரு சட்டகத்திலும் தூரிகையால் வண்ணமிட்டனர். பதினான்கு நிமிடப் படத்தில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டகங்கள் இருக்கும். ஒவ்வொரு வண்ணப் பிரதிக்கும் இந்த வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

3. படத்தை விலைக்கு விற்ற காலம்

இங்கே மூன்று சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘நெகட்டிவ்’ என்பது கேமராவுக்குள் பதிவான மூலச் சுருள். ‘பிரதி’ என்பது அதிலிருந்து திரையிடுவதற்காக எடுக்கப்படும் சுருள், திரைத்துறையில் பிரிண்ட் என்பார்கள். ‘முழு விற்பனை’ என்பது பிரதியை மீட்டர் கணக்கில் விலைபேசி விற்றுவிடுவது. வாங்கியவர் அது கிழிந்து நைந்துபோகும் வரை எங்கு வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் காட்டலாம், பிறகு வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம். வசூலில் தயாரிப்பாளருக்குப் பங்கு கிடையாது.

1907 வரை உலகம் முழுவதும் ஏறத்தாழ இதுதான் நடைமுறை. 1899-இல் மெலியெஸ் எடுத்த, பிரெஞ்சு ராணுவ அதிகாரி டிரைஃபஸ்மீதான தேசத்துரோக வழக்கு பற்றிய படம் பதினொரு தனித்தனிப் பகுதிகளாக விற்பனைக்கு வந்தது, வாங்குபவர் தமக்குப் பிடித்த பகுதிகளை மட்டும் வாங்கலாம். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் சுருள்களையும் மொத்தமாக விலைகொடுத்து வாங்கி ஊர் ஊராகக் காட்டக் கிளம்பியதும் இந்த முறை இருந்ததால்தான் முடிந்தது.

முழு விற்பனை யாருக்கு ஏற்றது? டூரிங் சினிமாக்காரருக்கு. பிரான்சில் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கூடாரம் அடித்துப் படம் காட்டியவர்களே மெலியெஸின் முதன்மை வாடிக்கையாளர்கள். இவர்கள் ஊர் மாறுவார்கள், படத்தை மாற்றத் தேவையில்லை. அடுத்த ஊரில் அதே படம் புதுப்படம். ஆகவே விலை அதிகமானாலும் பல ஆண்டுகள் ஓடக்கூடிய, பார்த்தவர் வாய்பிளக்கும் படம் அவர்களுக்கு லாபம்.

1902-இல் வெளிவந்த ‘சந்திரனுக்கு ஒரு பயணம்’ படத்தின் கணக்கைப் பார்ப்போம். நீளம் 260 மீட்டர், தயாரிப்புக் காலம் ஏறத்தாழ மூன்று மாதம், செலவு ஏறத்தாழ 10,000 பிராங்க். அக்காலத்துக்கு இது மலைப்பூட்டும் தொகை. கறுப்பு வெள்ளைப் பிரதியின் விலை 560 பிராங்க், வண்ணப் பிரதி 1,000 பிராங்க். பிரதியெடுக்கும் செலவை ஒதுக்கிவிட்டால், பதினெட்டுக் கறுப்பு வெள்ளைப் பிரதிகள் விற்றதும் முதல் திரும்பிவிடும். பணம் உடனே கைக்கு வரும், அது அடுத்த படத்துக்கு முதலீடாகும். வங்கி வேண்டாம், பங்குதாரர் வேண்டாம், விநியோகக் கிளைகள் வேண்டாம். தனி ஒருவர் நடத்தும் பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான வணிகமுறை இருக்க முடியாது.

4. முதல் விரிசல்: நகல் எடுத்தவர்கள்

விற்றுவிட்ட பிரதியிலிருந்து இன்னொரு நெகட்டிவை எடுத்து, அதிலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் உருவாக்கலாம். தடுக்கச் சட்டமும் இல்லை, வழியும் இல்லை. சந்திரப் பயணப் படம் அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்றது, ஆனால் அங்கே ஓடிய பிரதிகளில் பல எடிசன் நிறுவனமும் பிலடெல்பியாவின் சிக்மண்ட் லூபினும் மற்றவர்களும் நகலெடுத்து விற்றவை. படமெடுத்தவருக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை.

மெலியெஸ் செய்த எதிர்நடவடிக்கைகள்:

(அ) ஸ்டார் ஃபிலிமின் நட்சத்திரச் சின்னத்தை அரங்கப் பொருள்களின் மீதே வரைந்து வைத்தார். தலைப்பு அட்டையை வெட்டி எறியலாம், காட்சிக்குள்ளிருக்கும் சின்னத்தை எறிய முடியாது.

(ஆ) 1903-இல் அண்ணன் காஸ்தோனை நியூயார்க்கில் கிளை திறக்கச் செய்தார். திரைப்படம் என்ற வகையே அன்றைய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை, அது 1912-இல்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே படத்தைப் புகைப்படங்களின் தொகுப்பாகக் கருதி, நீண்ட காகிதச் சுருளில் அச்சிட்டுப் பதிவுசெய்யும் வழக்கம் இருந்தது.

(இ) ஒரே காட்சியை அருகருகே அமைந்த இரு லென்ஸ்கள் வழியாக ஒரே நேரத்தில் இரண்டு நெகட்டிவ்களில் பதிவுசெய்தார். ஒன்று பாரிஸில் இருக்கும், மற்றொன்று நியூயார்க் செல்லும். அங்கேயே தரமான பிரதிகளை எடுத்து நகலர்களோடு விலையில் போட்டியிட முடியும்.

நகல் திருட்டு அவரை நொடியச் செய்தது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. இது மிகை. கணிசமான இழப்புதான், ஆனால் 1903-இலிருந்து 1907 வரை ஸ்டார் ஃபிலிம் தழைத்தே இருந்தது. ‘தேவதைகளின் இராச்சியம்’, ‘முடியாததன் ஊடாக ஒரு பயணம்’ போன்ற அவருடைய மிகச் செலவான படங்கள் திருட்டுக்குப் பிறகு வந்தவை.

5. பெரிய மாற்றம்: வாடகை

1905-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் நிக்கலோடியன் எனப்பட்ட மலிவுக்கட்டணத் திரையரங்கு திறக்கப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் அந்த வகை அரங்குகள் அந்நாடெங்கும் ஆயிரக்கணக்கில் பெருகின. பாரிஸில் 1906 டிசம்பரில் ஓம்னியா பத்தே என்ற திரையரங்கு திறந்தது. படக்காட்சி கூடாரத்தை விட்டு நிலையான கட்டடத்துக்குள் நுழைந்தது.

ஒரு கட்டடம் தொழிலின் கணக்கைத் தலைகீழாக்கியது. கூடாரக்காரர் ஊரை மாற்றினார், படத்தை மாற்றவில்லை. நிலையான அரங்கின் உரிமையாளர் ஊரை மாற்ற முடியாது, ஆகவே படத்தை மாற்றியே தீர வேண்டும். சென்ற வாரம் வந்தவரே இந்த வாரமும் வருகிறார். ஒரு வாரம் மட்டும் ஓடப்போகும் சுருளுக்கு 560 பிராங்க் கொடுப்பது அறிவீனம். வாடகைக்கு எடுப்பதே இயல்பு.

1907-இல் பிரான்சின் பெரிய திரைப்பட நிறுவனமான பத்தே, பிரதிகளை விற்பதை நிறுத்தி, பகுதிவாரி உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாக வாடகைக்கு விடப்போவதாக அறிவித்தது. 1909 பிப்ரவரியில் ஐரோப்பியத் தயாரிப்பாளர்களின் மாநாடு பாரிஸில் கூடியது. தலைமை தாங்கியவர் மெலியெஸ். சுருளின் ஓரத் துளைகளுக்குப் பொது அளவு வகுப்பதில் அங்கே உடன்பாடு ஏற்பட்டது, அதில் அவருக்கு மனநிறைவே. ஆனால் படங்களை இனி நான்கு மாதக் குத்தகைக்கு மட்டுமே தருவது என்ற முடிவை அவர் எதிர்த்தார், அது தம் வாடிக்கையாளர்களான கூடாரக்காரர்களை அழித்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தாம் தலைமை வகித்த அவையிலேயே தம் தொழிலுக்கு எதிரான தீர்மானம் நிறைவேறியதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

வாடகை முறை ஏன் அவரைக் குறிப்பாகத் தாக்கியது?

முதலாவது, பணம் வரும் வேகம். விற்பனையில் 560 பிராங்க் ஒரே நாளில் வரும். வாடகையில் அதே தொகை சிறுசிறு துளிகளாக மாதக்கணக்கில் வரும். இடைப்பட்ட காலத்தில் ஊதியம் கொடுக்கவும் அடுத்த படத்தைத் தொடங்கவும் நடைமுறை மூலதனம் வேண்டும். மெலியெஸிடம் இருந்தது சொந்தச் சொத்து, வெளி முதலீடு அன்று.

இரண்டாவது, கட்டமைப்பு. வாடகைக்கு விட்ட பிரதியைத் திரும்பப் பெற்று, சரிபார்த்து, அடுத்த அரங்குக்கு அனுப்பப் பல நகரங்களில் அலுவலகங்கள் வேண்டும். கருவித் தயாரிப்பு, படத் தயாரிப்பு, பிரதியெடுப்பு, விநியோகம், அரங்கு என அனைத்தையும் கையில் வைத்திருந்த பத்தேவுக்கு அது ஒரு விரிவாக்கம் மட்டுமே.

மூன்றாவது, அளவு. வாராவாரம் படம் மாறவேண்டும் என்றால் வாராவாரம் படம் வரவேண்டும். பத்தேவில் பல இயக்குநர்கள் ஒரே நேரத்தில் பல படங்களை எடுத்தனர். அவர்களுள் ஸ்பானியரான செகுந்தோ தெ ஷோமோன் மெலியெஸின் தந்திரங்களை நன்கு கற்றவர், 1908-இல் சந்திரப் பயணத்தையே ஏறத்தாழ அப்படியே மறுபடி எடுத்தார். மோந்த்ரெய்யிலோ எல்லாப் படங்களும் ஒரே மூளை வழியாகத்தான் வெளிவர வேண்டும்.

6. வாரத்துக்கு 1000 அடி

இந்த மூன்றாவது சிக்கல் எவ்வளவு கொடியது என்பது அமெரிக்காவில் வெளிப்பட்டது. 1908-இல் எடிசன் தலைமையில், திரைப்படக் கருவிகளுக்கான காப்புரிமை வைத்திருந்த நிறுவனங்களின் கூட்டமைப்பு உருவானபோது, மெலியெஸின் நிறுவனமும் அதில் உறுப்பினராயிற்று. வெளியே நின்றால் அமெரிக்கச் சந்தையே இல்லை. உள்ளே வருவதற்கான கடமை, வாரந்தோறும் 1000 அடி நீளப் படம் கொடுப்பது.

ஆயிரம் அடி என்பது ஏறத்தாழ 305 மீட்டர். மூன்று மாத உழைப்பில் உருவான சந்திரப் பயணம் 260 மீட்டர்தான். அதைவிட நீளமான ஒன்றை ஏழு நாளுக்கு ஒருமுறை தரவேண்டும் என்பது, ஒரு நெசவாளரிடம் பட்டுச்சேலை நெய்யும் தறியில் ஆலைத்துணி கேட்பது போன்றது. அவர் முயன்றார். 1908-இன் பல படங்களில் அரங்க அமைப்புகள் எளிமையாகின்றன, தந்திரங்கள் குறைகின்றன, சாதாரண நகைச்சுவைத் துணுக்குகள் பெருகுகின்றன. பார்ப்பவருக்கு அந்த அவசரம் தெரியும். 1909-இன் பெரும்பகுதியில் அவர் படமே எடுக்கவில்லை.

ஒதுக்கீட்டை நிரப்ப காஸ்தோன் தாமே படமெடுக்கத் தொடங்கினார். 1910-இல் டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோவில் ஒரு பண்ணையை அமைத்து, மாட்டுக்காரர் கதைகளை எடுத்தார். மாயாஜாலப் படங்களுக்கு அடையாளமாக இருந்த நட்சத்திரச் சின்னத்தோடு குதிரைச் சவாரிப் படங்கள் வெளிவந்தன. 1911-இல் கலிஃபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தவர், 1912-இல் ஒரு குழுவோடு தாகித்தி, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஜாவா, கம்போடியா, ஜப்பான் என்று நெடும்பயணம் புறப்பட்டார். அனுப்பிய சுருள்களில் பல கெட்டுப்போயின. பயணம் ஏறத்தாழ 50,000 டாலர் இழப்பில் முடிந்து, 1913-இல் அமெரிக்கக் கிளை வைட்டாகிராஃப் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அண்ணனும் தம்பியும் அதன்பின் பேசிக்கொள்ளவில்லை, காஸ்தோன் 1915-இல் இறந்தார்.

7. பத்தே ஒப்பந்தம்

1911-இல் மெலியெஸ் ஷார்ல் பத்தேவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். பத்தே நிறுவனம் படங்களுக்குப் பணம் கொடுத்து, விநியோகமும் செய்யும். வெளிவருமுன் படத்தை வெட்டித் திருத்தும் அதிகாரமும் அதற்கு உண்டு. ஈடாக எழுதிக்கொடுக்கப்பட்டவை மோந்த்ரெய் வீடும் படப்பிடிப்புக் கூடமும்.

அந்தப் பணத்தில் வந்தவை ‘மூன்ச்ஹவுசன் பிரபுவின் மாயக்காட்சிகள்’, ‘துருவத்தின் வெற்றி’, புதிய ‘சிண்ட்ரெல்லா’ முதலியன. துருவப் படத்தில் வரும் பனி அரக்கன், மனிதர்களை வாயில் போட்டு விழுங்கும் இராட்சதப் பொறிப் பொம்மை, அவருடைய அரங்கக் கலையின் உச்சங்களில் ஒன்று என்பது என் கருத்து. ஆனால் படம் ஓடவில்லை. ‘சிண்ட்ரெல்லா’வைப் பத்தேவின் மூத்த இயக்குநர் ஃபெர்டினான் ஜெக்கா கணிசமாக வெட்டிச் சுருக்கினார், அதுவும் ஓடவில்லை. 1913-இல் உறவு முறிந்தது, கடன் மட்டும் நின்றது. அதே ஆண்டில் அவருடைய மனைவி யூஜெனியும் இறந்தார்.

ரசனை மாற்றத்துக்கு இதில் பங்கில்லையா? உண்டு. 1912-இல் பார்வையாளர்கள் கேமரா நகர்ந்து, முகத்தருகே வந்து, இரு இடங்களுக்கிடையே தாவிக் கதைசொல்லும் படங்களுக்குப் பழகிவிட்டிருந்தார்கள். மெலியெஸின் கேமராவோ 1896 முதல் அரங்கின் நடு இருக்கையில் அமர்ந்த கனவானின் கண்ணாகவே அசையாமல் இருந்தது. ஆனால் ரசனைக்குப் பொருந்தாத படங்களை எல்லாத் தயாரிப்பாளர்களும் எடுத்திருக்கிறார்கள், எடுத்துவிட்டுத் தொழிலில் நீடித்தும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று தோல்விகளில் வீடே போகும் நிலையில் ஒருவர் இருந்தார் என்றால், அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

8. போர் செய்தது என்ன

போர் அவரை வீழ்த்தியது என்பதற்கு மாறாக, ஒரு பொருளில் காப்பாற்றியது. 1914-இல் போர் தொடங்கியதும் பிரெஞ்சு அரசு கடன் வசூலை நிறுத்திவைக்கும் ஆணையைப் பிறப்பித்தது. அதனால் மோந்த்ரெய் சொத்தைப் பத்தேவால் உடனே எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த இடைவெளியில் மெலியெஸ் குடும்பம் அங்கிருந்த இரண்டாவது படப்பிடிப்புக் கூடத்தை நாடக அரங்காக மாற்றி, 1923 வரை நாடகங்களும் இசை நிகழ்ச்சிகளும் நடத்திப் பிழைத்தது. முதல் கூடம் போரில் காயமுற்றோருக்கு மருத்துவமனையாயிற்று.

போர் உண்மையாகவே பறித்தது வேறொன்றை. ராணுவம் நானூறுக்கும் மேற்பட்ட பிரதிகளை எடுத்துச்சென்று, வெள்ளியையும் செல்லுலாய்டையும் பிரிக்க உருக்கியது. செல்லுலாய்டு காலணிக் குதிகாலாயிற்று. காலணி முதலாளியின் மகனுக்கு இப்படி ஒரு முடிவா என்று வரலாற்றாசிரியர்கள் இதைச் சுவையோடு எழுதுவார்கள், அது இயல்பே. ஆயினும் உருக்கப்பட்டவை பிரதிகள், நெகட்டிவ்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

நெகட்டிவ்களை அழித்தவர் மெலியெஸ்தான். 1923-இல் கடனுக்காக மோந்த்ரெய் கைமாறியது, ஓஸ்மான் பெருவீதியை நீட்டுவதற்காக ரொபேர் ஊதேன் அரங்கமும் இடிக்கப்பட்டது. சுருள்களை வைக்க இடமில்லை. எளிதில் தீப்பற்றும் அவற்றை வாங்குவாரும் இல்லை. எஞ்சிய நெகட்டிவ்களையும் பல அரங்கப் பொருள்களையும் அவரே எரித்தார்.

9. பொம்மைக் கடையும் அதற்குப் பிறகும்

1925-இல் தம் பழைய நடிகையான ஜெஹான் தல்சியை மணந்தார். மோன்பார்னாஸ் நிலையத்தில் இருந்த இனிப்பு, பொம்மைக் கடையை இருவரும் நடத்தினர். ‘ஹியூகோ’ இந்தக் கடையைச் சரியாகவே காட்டுகிறது. 1920-களின் இறுதியில் திரைப்பட இதழாளர்கள் அவரைக் கண்டறிந்து எழுதத் தொடங்கினர், ‘ஸ்டுடியோ 28’ அரங்கை நடத்திய ழான் மோக்ளேர் ஒரு மாளிகையில் கிடந்த மெலியெஸ் பிரதிகள் சிலவற்றை மீட்டார். 1929 டிசம்பர் 16 அன்று பாரிஸின் ப்ளேயல் மண்டபத்தில் அவருக்குச் சிறப்புத் திரையிடல் நடந்தது. 1931-இல் பிரெஞ்சு அரசின் உயரிய விருதான லெஜியோன் தொன்னேர் கிடைத்தது, பதக்கத்தை அணிவித்தவர் லூயி லூமியேர்.

விருது வயிற்றை நிரப்பவில்லை. 1932-இல் திரைத்துறையினருக்கான முதியோர் இல்லத்தில், ஓர்லி என்னும் ஊரில், தம்பதிக்கும் பேத்திக்கும் இடம் கிடைத்தபோதுதான் கடை வேலை நின்றது. 1938 ஜனவரி 21 அன்று மெலியெஸ் இறந்தார்.

10. எரித்த பின்னும் 200 படங்கள் எப்படிக் கிடைத்தன?

விடை, அவருக்குத் தொல்லை தந்தவற்றிலேயே இருக்கிறது. முழு விற்பனை முறையில் பிரதிகள் உலகெங்கும் தனியார் கைகளில் சிதறின, திரும்பப் பெற்று அழிக்க யாருக்கும் உரிமையில்லை. நான்கு மாதக் குத்தகை முறை முதலிலேயே இருந்திருந்தால் இவற்றுள் பெரும்பாலானவை இன்று இருந்திரா. நகலர்களுக்கு அஞ்சிப் பதிவுசெய்த காகிதச் சுருள்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் தப்பின. நியூயார்க் அனுப்பிய இரண்டாம் நெகட்டிவ்களில் ஒரு பகுதியும் அமெரிக்காவில் பிழைத்தது.

இரட்டை நெகட்டிவுக்கு எதிர்பாராத ஒரு பயனும் உண்டு. இரு லென்ஸ்களும் அருகருகே இருந்ததால், பிரெஞ்சுப் பிரதியையும் அமெரிக்கப் பிரதியையும் இடக்கண், வலக்கண் என்று இணைத்தால் முப்பரிமாணப் படம் கிடைக்கிறது. 1903-இல் எடுத்த ‘நரகக் கொப்பரை’யை பழைய படங்களை மீட்டுச் சீரமைக்கும் பாரிஸின் லோப்ஸ்டர் ஃபிலிம்ஸ் நிறுவனம் இவ்வாறு இணைத்து 2010-இல் காட்டியது.

சந்திரப் பயணத்தின் வண்ணப் பிரதி 1993-இல் பார்சிலோனாவின் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்தது. சுருள் கட்டியாக ஒட்டிப்போயிருந்தது. ராக்கெட் புறப்படும் காட்சியில் கொடிகள் ஸ்பெயின் நாட்டு நிறத்தில் தீட்டப்பட்டிருப்பதால், ஸ்பெயின் வாடிக்கையாளருக்காக உருவான பிரதி என்று கருதப்படுகிறது. பல ஆண்டு உழைப்புக்குப் பின் சீரமைக்கப்பட்டு 2011 மே மாதம் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

பிரெஞ்சுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகளுக்குப் பின் படைப்பு பொதுவுடைமையாகும் என்பதால், 2009 முதல் மெலியெஸின் படங்களை யாரும் தடையின்றிப் பார்க்கலாம். இணையத்தில் தேடுவோர் இரண்டை நினைவில் கொண்டால் போதும். சந்திரப் பயணத்தில் உள்ள 13,375 சட்டகங்களை நொடிக்கு 16 வீதம் ஓட்டினால் 14 நிமிடம், 24 வீதம் ஓட்டினால் ஒன்பதரை நிமிடத்துக்கும் குறைவு. ஒன்பது நிமிடப் பதிப்பில் பெரும்பாலும் காட்சிகள் வெட்டப்பட்டிருக்காது, வேகம்தான் கூட்டப்பட்டிருக்கும். அடுத்தது ஒலி. 1902-இல் இந்தப் படத்துக்கென்று பதிவான இசை எதுவும் கிடையாது, திரைக்கருகே நின்று ஒருவர் கதை சொல்ல, அரங்குக்காரர் தமக்குக் கிடைத்த இசையை வாசிக்கச் செய்தார். இன்று கேட்கும் எந்த இசையும் பின்னாளில் சேர்த்தது, 2011 பதிப்பில் இருப்பது ஏர் என்ற பிரெஞ்சு இசைக்குழுவுடையது.